பாட்டுக்கு முன் ஒரு பெயர்

யேசு மரி சூசை துணை

ரொறன்ரோ,
1997 ஜூன் 16, திங்கட்கிழமை.

இருபத்தைந்து வருசமாக நான் பெயர் சொல்லாமல் "இஞ்சாருங்கோ" என்று மட்டும் கூப்பிட்டுவரும் என் அன்பானவருக்கு,

கிளடிஸ் எழுதுகிறேன். நானும் ஜூலியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? வேரோனிக்கா மச்சாள் தைலம் பூசச் சொன்னால் பூசுங்கள். தங்கச்சி சொல்லி நான் கேட்பதா என்று வீம்பு பிடிக்கவேண்டாம். கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்ன அறைக்குள் வெக்கை தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் வெயில் தொடங்கிவிட்டது. குளிருக்குப் பயந்து வராமல் இருந்தேன் என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

உங்கள் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. விசா குத்தித் தந்துவிட்டார்கள் என்ற வரியை வாசித்ததும் குசினி நிலத்திலேயே முழந்தாளில் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். எழும்பி நின்றுதான் மற்றப் பக்கத்தைத் திருப்பினேன். ஜூலியின் கலியாணத்தில் பாண்ட் இருக்கக்கூடாது, ரேப் றெக்கோடரில் பாட்டுப் போடக்கூடாது, கோயிலில் ஓர்கன்கூட வேண்டாம், அப்படியென்றால் வருகிறேன், இல்லாவிட்டால் என்னை விட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விமான ரிக்கற் இன்னும் போடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஓகஸ்ட் பத்துக்குள் இங்கே வந்து இறங்காவிட்டால் அந்த விசா செல்லாது என்பது உங்களுக்குத் தெரியாதா?

ஜூலி கடிதத்தை வாசித்தாள். அழவில்லை. பாட்டு இல்லாட்டிப் பரவாயில்லை அம்மா, அப்பா வந்தால் எனக்குக் காணும் என்றாள். மாப்பிள்ளைப் பொடியன் டெரன்ஸும் ஓம் என்றுவிட்டான். பிறம்ரனில் வெயார்ஹவுஸில் இரவு பகலாக நிற்கிறவன், இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அவனுடைய தகப்பன் கஸ்பர் அண்ணைதான் பாவம். ரெக்ஸ்டேலில் தெரிந்த பொடியள் வைத்திருக்கும் பாண்டைப் பேசி வைத்திருந்தவர், அடுத்த நாளே போன் பண்ணி நிற்பாட்டிப்போட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செப்ரெம்பர் ஆறாம் திகதி எங்கள் ஜூலி செத்த வீட்டுக்குப் போகிறவளைப் போலச் சத்தம் இல்லாமல் கோயிலுக்குள் நடந்துபோகப் போகிறாள்.

எனக்குச் சரியான கோபம். அதனால்தான் ஒரு கிழமை எழுதாமல் இருந்தேன். ஆனால் அந்தக் கிழமைக்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. அதை எழுதுவதற்கு முதல் நான் உங்களிடம் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும்.

தொண்ணூற்றொன்றாம் வருசம் மாசி மாதம் எங்கள் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். இனி இந்தக் குடும்பத்தில் பாட்டு இல்லை, அவன் பெயரையும் ஒருத்தரும் எடுக்கவேண்டாம் என்றீர்கள். நானும் ஜூலியும் அதைக் காத்தோம். இங்கே வந்தும் ரேடியோ வாங்கவில்லை. கடிதங்களில்கூட "அது நடந்த பிறகு" என்றுதான் எழுதிக்கொள்கிறோம். பயப்படவேண்டாம், இந்தப் பக்கத்திலும் நான் பெயரை எழுதவில்லை.

ஆனால் ஒன்றை மறைத்துப்போட்டேன். றெஸ்ரோறன்ட் ஒன்றில் சமையல் வேலை என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? அது ஒரு ஐரிஷ்காரரின் பப். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே ஒரு பாண்ட் வாசிக்கும். நாலு வருசமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் அதைக் கேட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு சீவுகிறேன்.

தொடக்கத்தில் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். முதலாளி மொயிராவிடம் ஞாயிறு வேலை வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன், ஞாயிறுதான் ஆள் தேவை என்றாள். பிறகு இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலை செய்தேன். மொயிரா எனக்குக் காது வருத்தம் என்று நினைத்து மருந்து வாங்கித் தந்தாள். ஒரு மாதம் அப்படி ஓடியது. ஒருநாள் சூப் பொங்கி வழிகிற சத்தம் கேட்காமல் அடுப்பு முழுக்க நாசமாகிவிட்டது. அன்றைக்கு இடது காதுப் பஞ்சை எடுத்தேன். பிறகு வலது காதுப் பஞ்சையும் எடுத்தேன், அதற்குச் சூப்பைக் குறை சொல்ல முடியாது.

அந்த பாண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். நாலு கிழவர்கள். டெஸ் வயலின், பேனாட் பஞ்சோ என்கிற நரம்பு வாத்தியம், மற்ற இருவரில் ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் எங்கள் றபான் மாதிரி ஆட்டுத்தோல் கட்டிய ஒரு மேளம். பேனாட் என்ற பெயரைக் கேட்டால் பாசையூரில் படகு வைத்திருக்கும் சம்மாட்டி என்று நினைப்பீர்கள், ஆளும் கிட்டத்தட்ட அப்படித்தான், வண்டி வயிறும் மீசையும். முப்பத்துமூன்று வருசமாக அதே மூலையில், அதே நாலு கதிரையில் இருந்து வாசிக்கிறார்கள். மேடை இல்லை, மினுங்குகிற சட்டை இல்லை. வட்டமாக ஆளையாள் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், சனத்துக்குத் தெரிவது அவர்களுடைய முதுகுதான். விசா ஒவ்வீசில் நம்பர் எடுத்துவிட்டு இருக்கிற ஆக்கள் மாதிரி முகத்தை வைத்திருப்பார்கள். டெஸ் வயலினை நாடியில் வைக்காமல் நெஞ்சில் சாய்த்து வாசிப்பார். நீங்கள் பார்த்திருந்தால் எழும்பிப் போய்க் கையைப் பிடித்துத் திருத்தியிருப்பீர்கள்.

பாட்டும் புதுசு இல்லை. அதே இருபது முப்பது மெட்டுக்கள்தான், நானே வரிசை சொல்லுவேன். ஆனால் சனம் வருகிறதே! விட்பியிலிருந்து ஒரு மனிசன் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணித்தியாலம் கார் ஓடி வருகிறான். சின்னப்பிள்ளையாக இருக்கும்போது தகப்பனின் தோளில் இருந்து கேட்டவனாம், இப்போது தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். தலைமயிருக்கு நீலம் அடித்த பெட்டையள் வருகிறார்கள். ரினிடாட் நாட்டு பஸ் டிரைவர் ஒருவர் யூனிபோமோடு வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எல்லாரும் ஐரிஷ்காரர் இல்லை. அப்படியென்ன இதில் இருக்கிறது என்று மொயிராவைக் கேட்டேன். எனக்கும் விளங்கவில்லை, அந்தக் கிழவர்களின் வடிவுக்காக வரவில்லை என்பது மட்டும் நிச்சயம் என்றாள்.

பேனாட்டைக் கேட்டேன். முப்பத்துமூன்று வருசம் ஒரே மெட்டை வாசிக்க உங்களுக்கு அலுக்காதா என்று. நீ எத்தனை வருசமாகச் செபமாலை சொல்லுகிறாய் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். கழுத்தில் கிடந்த செபமாலையைக் கண்டுவிட்டார் போல.

இன்னொரு வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. ஒரு மெட்டைத் தொடங்க முதல் அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லுவார்கள். இது எனக்கு என் மாமனிடமிருந்து வந்தது, இது எங்கள் ஊரில் கண் தெரியாத ஒருவரிடமிருந்து வந்தது, இது கப்பலில் கூட வந்த ஒரு மனிசியிடமிருந்து வந்தது, அவ்வளவுதான். பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். பூசையில் இறந்துபோன ஆக்களின் பெயர் வாசிப்பதைப் போல இருக்கும். எவ்வளவோ தூரத்தில், எந்தக் காலத்திலோ செத்த மனிசரின் பெயரெல்லாம் டான்போர்த் வீதியில் ஒரு பப்புக்குள் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறது. சனம் வருகிறதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. எங்களையும் ஒருநாள் இப்படி யாராவது சொல்லுவார்கள் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கும்தானே?

ஜூலி வேலையால் வந்துவிட்டாள், பசி என்று நிற்கிறாள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, காலை.

என்ன நடந்தது என்றால், போன புதன்கிழமை டெஸ் இறந்துவிட்டார். எழுபத்தியொரு வயது. அதற்கு முந்தின ஞாயிறும் வாசித்தவர், எனக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனார். மொயிரா ஆஸ்பத்திரிக்கும் சவச்சாலைக்கும் ஓடித் திரிந்தாள், பப்பைப் பார்த்துக்கொள் கிளடிஸ் என்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், ஞாயிறு பாட்டு இருக்கிறதா என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆள் செத்துக் கிடக்கிறார், உங்களுக்குப் பாட்டா, துக்கம் முடிய முப்பத்தொரு நாள் கழித்து வாங்கோ என்று என் இங்கிலிசில் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அது காணாது என்று ஒரு மட்டையில், பாட்டு இல்லை, ஆள் இறந்துவிட்டார், முப்பத்தொரு நாள் என்று பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினேன். அந்த நாலு கதிரையையும் தூக்கிப் பின்னறையில் வைத்தேன். சனம் வராதே என்று உருளைக்கிழங்கும் கால்வாசிதான் சீவினேன்.

ஞாயிறு இரண்டு மணிக்கே பப் நிறைந்துவிட்டது. மூன்று மணிக்குக் கால் வைக்க இடம் இல்லை. எல்லாரும் என் மட்டையை வாசித்து வாசித்து உள்ளே வருகிறார்கள்! நான் போனில் திட்டிய ஆக்களும் வந்து நிற்கிறார்கள். பேனாட்டும் மற்ற இருவரும் வாத்தியங்களோடு வந்தார்கள். பேனாட் மட்டையைப் பார்த்தார், தன் கதிரைகளைத் தேடினார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்தேன். மனிசன் சிரித்தார் பாருங்கோ, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார். டெஸ் இருந்தால் இதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பான் என்று சொல்லி, மட்டையைக் கழற்றிப் பஞ்சோப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் செத்த வீட்டில் இருக்கிற ஆக்கள் பாட்டை நிற்பாட்டிவிடுவார்கள் என்றேன். எங்களுக்கு மற்ற ஞாயிறுகளில் வராமல் விட்டாலும் விடலாம், இப்படியான ஞாயிறில் வராமல் விடக்கூடாது என்றார் அவர். எங்களில் ஆள் குறைந்தபடியால்தான் வாசிக்கவேண்டும் என்றார். நான் ஓடிப்போய்க் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டேன், பிறகு நின்ற இடத்தில் இருநூறு உருளைக்கிழங்கு சீவினேன்.

முதலில் ஓட்டமான மெட்டுக்கள் வாசித்தார்கள். சனம் காலைத் தட்டியது. பிறகு பேனாட் பஞ்சோவை மடியில் வைத்தார். இது எனக்கு டெஸ்ஸிடமிருந்து வந்தது என்றார். முப்பத்துமூன்று வருசமாக வாசிக்கிறேன், ஆள் பக்கத்தில் இருந்தபடியால் இவ்வளவு நாளும் சொல்ல வேண்டி வரவில்லை என்றார். வாசித்தார். பப்புக்குள் ஒரு கிளாஸ் சத்தம் கேட்கவில்லை. செத்து நாலு நாள்தான், மனிசனின் பெயர் பாட்டுக்கு முன்னால் ஏறிவிட்டது.

நான் கிச்சின் யன்னலடியில் கத்தியும் கையுமாக நின்றேன். எனக்கே தெரியாமல் வாய் திறந்து மரியோ என்று சொல்லிவிட்டேன்.

எழுதிவிட்டேன். மரியோ. எங்கள் மகன் மரியோ. ஆறு வருசத்துக்குப் பிறகு பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன், வானம் இடிந்து விழவில்லை. இன்னும் இரண்டு மூன்று தரம் சொன்னேன். உங்களுக்கு இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைக்க மனம் வரும், தயவு செய்து மடிக்கவேண்டாம்.

மரியோ ஜூலியைப் பகிடி பண்ண மண்டலினில் ஒரு மெட்டுக் கட்டினானே, ஞாபகம் இருக்கும். அவள் தலை வாரி இழுத்துக்கொண்டு வெளியே வந்தால் போதும், வாசிக்கத் தொடங்கிவிடுவான். உன்னைக் கலியாணம் கட்டிக் குடுத்துக் கலைக்கிற அன்றைக்கு இதைத்தான் வாசிப்பன் என்பான். அவள் சீப்பால் எறிவாள். நீங்களும் பெரிய மனிசன் என்று இல்லாமல் வயலினை எடுத்துக்கொண்டு அவனோடு சேர்ந்துகொள்வீர்கள். அந்த மெட்டு அன்றைக்கு என் வாயில் வந்தது. முணுமுணுத்தேன். முதல் பாதி வந்தது. இரண்டாம் பாதி வரவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தேன், வரவே இல்லை. இரவு ஜூலியைக் கேட்டேன், அவளுக்கும் முதல் பாதிதான் தெரியும். அப்போதுதான் அழுதாள். உங்கள் கடிதத்துக்கு அழாதவள் இதற்கு அழுதாள். நானும் அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

பேனாட் போக முதல் கிச்சினுக்குள் எட்டிப் பார்த்தார், நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. இன்னொரு தரம் பாடச் சொன்னார். இரண்டு தரம் கேட்டதும் அப்படியே பஞ்சோவில் பிடித்துவிட்டார். மிச்சம் எங்கே என்றார். தெரியாது என்றேன். பாதி மெட்டை நான் வாசிக்கமாட்டேன், மிச்சம் வரட்டும் என்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார், யாரிடமிருந்து வந்தது என்று. என் மகனிடமிருந்து, பெயர் மரியோ என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

இஞ்சாருங்கோ, இதுவரை எழுதாததை எழுதுகிறேன். அது நடந்த அன்றைக்குப் பின்னேரம் பிள்ளை தடிமன் காய்ச்சல் என்று படுத்திருந்தான். மண்டலின் இல்லாமல் தபசுகாலப் பாட்டு எப்படிப் பழகுகிறது, எழும்பிக் கோயிலுக்குப் போடா என்று நீங்கள் அனுப்பினீர்கள். திரும்பி வரும்போது செல் குண்டு விழுந்தது. நீங்கள் பாட்டைப் பூட்டி வைத்தது பாட்டில் கோபத்தால் இல்லை, உங்களில் கோபத்தால் என்று எனக்கு முதல் நாளே தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விட்டது என் பிழை. நீங்கள் பிள்ளையைக் கோயிலுக்குத்தான் அனுப்பினீர்கள். செல்லை நீங்கள் அனுப்பவில்லை. அனுப்பிய கையில் எனக்குக் கோபம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. மரியோவுக்கும் இருக்காது. உங்களோடு ஒரு நாளைக்கு மேல் அவன் கோபமாக இருந்ததே கிடையாது.

இன்னொன்று. மச்சாள் எனக்கு எல்லாவற்றையும் எழுதிப்போட்டாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்தபோது பாதி வழியில் அரிசிப் பையை இறக்கிவிட்டு வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்களாம். இப்போதும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறதாம், கிழமைக்கு ஒருக்கால் திறந்து துடைத்துவிட்டு மூடுகிறீர்களாம். வாசிக்காத வாத்தியத்துக்கு என்ன துடைப்பு? மச்சாளை ஏசவேண்டாம், நான் கேட்டுத்தான் எழுதினாள்.

உங்கள் சொல்லை மீறமாட்டேன். கஸ்பர் அண்ணையின் பாண்ட் வராது, ரேப்பில் பாட்டுப் போடமாட்டோம். ஆனால் ஜூலி கோயிலுக்குள் வருகிற நேரம் அந்த ஒரு மெட்டு எனக்கு வேண்டும். அதன் இரண்டாம் பாதி இப்போது இந்த உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் வாசிக்காவிட்டால் மரியோ கட்டிய மெட்டு பாதியிலேயே நின்றுவிடும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவதுதான் வழக்கம், எங்களுக்கு மாறி வந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஆனாலும் நீங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்று, இது எனக்கு என் மகன் மரியோவிடமிருந்து வந்தது என்று ஒருக்கால் சொல்லிவிட்டு வாசிக்கவேண்டும். கை நடுங்கினால் நடுங்கட்டும், சுருதி பிசகினால் பிசகட்டும்.

முடியாது என்றால் வாசிக்கவேண்டாம். வாசிக்காமலும் வாங்கோ. உங்களை நிறுத்தி வைத்து நான் கேட்கப்போவதில்லை. ஆனால் இந்த வீட்டில் இனி மரியோவின் பெயர் கேட்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கோ. நேற்றிரவு சாப்பிடும்போது ஜூலி மரியோ அண்ணா என்று கதை சொல்லத் தொடங்கினாள், சோறு ஆறும்வரை நிற்பாட்டவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே ரிக்கற்றைப் போடுங்கள். பாசையூர் அந்தோனியார் காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவர், அவர் உங்களுக்கு வழித்துணையாக வரட்டும். மாதா உங்கள் தலையில் கை வைத்து விமானம் ஏற்றிவிடட்டும். வயலினைச் சூட்கேசுகளோடு கீழே போடக் கொடுத்துவிடாதேயுங்கோ, மடியில் வைத்துக் கொண்டுவாங்கோ.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
மரியோவுக்கும் ஜூலிக்கும் அம்மா,
கிளடிஸ்.